தகட்டுக்கு அடியில் இருந்த நிறம்

ராமையா மச்சான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எஞ்சின் எண்ணெய் வெறும் சவர்க்காரத்துக்குப் போகாது. ஒரு பிடி மரத்தூளையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். அவர் ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு நகக்கண்ணாகத் தேய்த்தார். அப்போது காலை பதினொரு மணிதான் இருக்கும். வேலை முடிந்து கை கழுவுகிற நேரம் அல்ல அது.

கழுவி முடித்ததும் ஸ்பேனர்களைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. குடையை எடுக்காமல் மழையில் இறங்கிப் போனார். தொழிற்சாலையில் நின்றவர்கள் எல்லோரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரை அப்படிப் போக வைத்தது என் வாய்.

இந்தத் தொடரில் இதுவரை என் கைவேலையைப் பற்றிப் பெருமையாகவே எழுதி வந்திருக்கிறேன். போன வாரம்கூட பஸ்களுக்குப் பெயர் எழுதிய கதையில் கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டதாக வாசகர் ஒருவர் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இந்த வாரம் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. மூக்குடைபட்ட கதை இது. நடந்து மூன்று நான்கு வருடம் இருக்கும்.

மலையேறிய கடல் எஞ்சின்

குருவிமலைத் தோட்டம் கினிகத்தேனைப் பக்கம் இருக்கிறது. பொல்பிட்டிய மின்நிலையத்துக்குப் போகிற பாதையை விட்டு மேலே ஏற வேண்டும். ஹட்டனில் தூறினால் அங்கே கொட்டும். ஹட்டனில் கொட்டினால் அங்கே பாதையே தெரியாது.

அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் கீழ்த்தட்டில், ஒரு மூலையில், பழைய கப்பல் எஞ்சின் ஒன்று கிடந்தது. கப்பல் என்றால் பெரிய கப்பல் இல்லை. துறைமுகத்தில் மற்றக் கப்பல்களை இழுத்துப் போகிற படகில் இருந்தது. இரண்டு சிலிண்டர், நெஞ்சு உயரத்துக்கு ஒரு ஃபிளைவீல். மலைக்கு மின்சாரம் வராத காலத்தில் ஏதோ ஒரு வெள்ளைக்காரத் தொரை அதை ஏலத்தில் எடுத்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தாராம். கடலில் ஓடிய எஞ்சின் இங்கே வந்து கொழுந்து உருட்டும் ரோலர்களைச் சுற்றியது. மின்சாரம் வந்த பிறகு அதற்கு வேலை போய்விட்டது. இரும்புக்கு விற்கலாம் என்றால், கழற்றித் தூக்க யாருக்கும் தெம்பில்லை. அவ்வளவு பாரம்.

வேலை போனாலும் மரியாதை போகவில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் அந்த எஞ்சினுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது தொழிற்சாலை வழக்கம். அதற்கென்று யாரும் பெயிண்ட் வாங்குவதில்லை. அந்த வருடம் தோட்டத்தில் எது மிஞ்சியதோ அதுதான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதவுகளுக்கு அடித்த நீலம் மிஞ்சினால் எஞ்சின் நீலம். கோயில் கேட்டுக்கு அடித்த வெள்ளி மிஞ்சினால் வெள்ளி. ஒரு வருடம், வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைமடுவத்துச் சுவருக்கு வாங்கிய ரோஸ் மிஞ்சிவிட்டது. அத்தனை பெரிய இரும்பு எஞ்சின் ரோஸ் கலரில், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த தொரைக்கு அந்த எஞ்சின்மேல் ஆசை விழுந்தது. அவர் கண்டிக்காரர், சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசுவார். தேயிலை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். ஏப்ரல் மாதம் நுவரெலியாவுக்குக் கூட்டம் வரும்போது அதில் கொஞ்சம் குருவிமலைக்கும் வரட்டும் என்பது அவர் கணக்கு. எஞ்சின் முதன்முதலில் எந்த நிறத்தில் இருந்ததோ அதே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார்.

எஞ்சினைத் திருத்தும் பொறுப்பு ராமையா மச்சானுக்கு. அவர் அந்தத் தொழிற்சாலையின் ஃபிட்டர். என் அக்கா லெட்சுமியின் புருஷன். ஓய்வு பெறும் வயது தாண்டியும், அவரைப்போல மெஷின் தெரிந்த ஆள் இல்லை என்று வருடத்துக்கு வருடம் வேலையை நீட்டித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நிறம் என் பொறுப்பு. ஹட்டனில் எனக்கு ஸ்பிரே பெயிண்ட் கடை. லொறி, பஸ், ஆட்டோ எது வந்தாலும், எந்த மூலையில் உரசிக்கொண்டு வந்தாலும், உரசிய இடம் தெரியாமல் கலர் கலந்து அடித்துக் கொடுப்பேன். கம்ப்யூட்டரில் கலர் கலக்கும் கடைக்காரர்களே சில நேரம் என்னிடம் ஆள் அனுப்புவார்கள். இதை அளப்பு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

வட்டத்துக்குள் வட்டம்

பழைய நிறத்தைத் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. கத்தியால் சுரண்டக் கூடாது. வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து ஒரே இடத்தில், ஒரு நாணயம் அளவுக்கு, வட்டமாகத் தேய்க்க வேண்டும். பூச்சுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். வெளி வட்டம் கடைசியாக அடித்தது. நடுவில் இருப்பது முதலில் அடித்தது.

குருவிமலை எஞ்சினில் தேய்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. வெள்ளி, நீலம், ரோஸ், சிவப்பு, மறுபடியும் வெள்ளி. எத்தனை ஆயுத பூஜையோ! நடுவில் போய்ப் பார்த்தால் வெறும் இரும்பு. என்றைக்கோ ஒரு கெட்டிக்காரர், பெயிண்ட் நன்றாக ஒட்டட்டும் என்று மொத்தத்தையும் இரும்புவரை சுரண்டிவிட்டுத்தான் பூஜைப் பெயிண்டை ஆரம்பித்திருக்கிறார். ஐந்தாறு இடத்தில் தேய்த்தேன். எல்லா இடத்திலும் இதே கதை.

மிஞ்சியது ஒரே இடம்தான். எஞ்சினின் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்பு மூடி இருந்தது. அதன்மேல் பித்தளைத் தகடு. பூஜைக்குப் பூஜை பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் தகட்டின் எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. ஆனால் தகட்டை ஒருவரும் கழற்றியதில்லை. அதைப் பொருத்திய ஆணிகள் எஞ்சின் பிறந்த அன்று அடித்தவை.

"அதுக்கு அடியில இருக்கும் மாப்ள. அங்க எவன் கையும் போயிருக்காது" என்றார் மச்சான்.

இறுகிக் கிடந்த பிஸ்டன்களில் டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊற்றி, மாதக்கணக்கில் காத்திருந்து, ஃபிளைவீலைக் கையால் சுற்றுகிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தார் அவர். அது முதன்முதலாக அசைந்த அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல்கூட சிரித்துக்கொண்டே படுத்துவிட்டாராம். அக்கா சொன்னாள்.

தலைத்தீபாவளிச் சேலை

மச்சானைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே அப்படி.

தலைத்தீபாவளிக்கு அக்காவுக்கு அரக்குச் சிவப்பில் சேலை எடுத்து வருகிறேன் என்று தனியாக ஹட்டனுக்குப் போனவர், கரும்பச்சையில் ஒன்றை வாங்கி வந்து, "சொன்ன கலர்லயே கெடைச்சிருச்சு" என்று நீட்டினார். அக்கா ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொண்டாள். சந்தையில் தக்காளி வாங்கினால் விரலால் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். கண்ணால் பார்த்து எடுத்தால் பாதி காயாக இருக்கும்.

எங்கள் வீட்டில் இதெல்லாம் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிச் சிரிக்கிற கதை. அதிகம் சிரிக்கிற ஆள் நான்தான். கலரை வைத்துப் பிழைக்கிற எனக்கு இப்படி ஒரு மச்சான் வாய்த்தது பெரிய வேடிக்கையாக இருந்தது. மச்சானும் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரிப்பார்.

அது வீட்டுக்குள் மட்டும் சொல்லுகிற கதை என்பது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்திருந்தால் நானாகவே கண்டுபிடித்திருப்பேன்.

அன்றைக்கு நான் சொன்னது

ஐப்பசி மழை. பகலிலேயே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். தொரை வந்திருந்தார். தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கர் நின்றார். தேயிலை சலிக்கிற பெண்கள், வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

மச்சான் மூடியை எஞ்சினிலிருந்து கழற்றி, ஆணிகளின் தலையைத் துளைத்துத் தகட்டை நெம்பினார். டக்கென்று வந்துவிட்டது. அடியில் சிகரெட் பெட்டி அளவுக்குப் பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. நான் துணியால் துடைத்தேன்.

பச்சை. ஈரச் சுவரில் படிகிற பாசியின் பச்சை, கொஞ்சம் சாம்பல் கலந்தது.

"பச்சை" என்றேன்.

"பச்சைதான்" என்றார் தொரை. டீமேக்கரும் தலையாட்டினார்.

மச்சான் குனிந்து பார்த்தார். மூடியை லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, இது பச்சை இல்ல. நீலம்."

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"நீலம்டா. சாம்பலடிச்ச நீலம். நல்லாப் பாரு."

அத்தனை பேருக்கு முன்னால் என் கண்ணைச் சந்தேகப்படுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. ஹட்டனில் ஒருத்தன் என்னிடம் அப்படிச் சொல்லமாட்டான். யோசிக்காமல் வாயைத் திறந்தேன்.

"தொரை, இவரு சொல்றதக் கணக்குல எடுக்காதீங்க. செவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன் இவரு! தக்காளிய அமுக்கிப் பார்த்து வாங்குற ஆளு எனக்குக் கலர் சொல்லித் தர வந்துட்டாரு!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். டீமேக்கர் சிரித்தார். தொரையும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

"ராமையா, அது உண்மையா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

மச்சான் மூடியை மேசைமேல் வைத்தார். குழாயடிக்குப் போனார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அக்காவின் போன்

ஒரு வாரம் கழித்து அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"செல்வம், அவருக்கு வேலை இல்லேன்னுட்டாங்கடா."

எனக்கு விளங்கவில்லை. அக்கா விளங்கப்படுத்தினாள்.

வாலிப வயதில் மச்சான் ரயில் வேலைக்கு முயன்றிருக்கிறார். புள்ளி புள்ளியாகக் கலர் போட்ட புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோட்டத்தில் ஃபிட்டர் வேலை கிடைத்தபோது இந்த விஷயத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. கலரைப் பார்த்துச் செய்ய வேண்டிய எல்லாவற்றுக்கும் வேறு வழி வைத்துக்கொண்டார். வயர்களில் நூலால் முடிச்சுப் போடுவார். சிவப்புக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு. அது அவருடைய வேலைச் சுத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள். சுவிட்ச் போர்டில் மெஷின் ஓடினால் பச்சை லைட், நின்றால் சிவப்பு லைட். எந்த லைட் எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் ஒருநாள்கூடப் பிசகியதில்லை.

"கட்டுன எங்கிட்டயே ரெண்டு வருசம் கழிச்சுத்தான் சொன்னாரு. அதை நீ ஒரு நிமிசத்துல சந்தைக்குக் கொண்டாந்துட்டியேடா" என்றாள் அக்கா. திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. போனை வைத்துவிட்டாள்.

தொரையைப் போய்ப் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ரோலருக்குள்ள ஆள் கை வச்சிக்கிட்டு இருக்கும்போது இவர் லைட்டைத் தப்பாப் பார்த்தா என்ன செய்றது? தெரியாத வரைக்கும் சரி. இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் விட்டா அது என் பிழை" என்றார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை தருவதாகச் சொன்னாராம். மச்சான் வேண்டாம் என்றுவிட்டார்.

எஞ்சினுக்குப் பச்சை அடித்தேன். மார்கழியில் வேலை முடிந்தது. பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஜன்னலோரத்து மூடி

கலர் கலப்பதற்காக அந்த மூடியை ஹட்டனுக்குக் கொண்டுவந்திருந்தேன். பழைய பெயிண்டின் குறுக்கே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, 'குருவிமலை' என்று எழுதிவைத்தேன். கடையில் நிறைய மூடிகள் கிடக்கும், மாறிவிடக் கூடாதே. பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டுவதற்காகக் கண்டிக்குக் கொடுத்திருந்தேன். அது வரும்வரை மூடி ஜன்னலோரத்தில் கிடந்தது.

பொங்கல் கழிந்தது. தை பிறந்த பிறகு எங்கள் பக்கம் வெயில் வெயிலாக இருக்கும். கடை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. மாசியில் தகடு திரும்பி வந்தது. மூடிக்கும் பச்சை அடித்துத் தகட்டைப் பொருத்திக் கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன்.

என் கையில் இருந்தது நீல மூடி. சாம்பலடித்த நீலம்.

முதலில் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். டேப்பில் என் கையெழுத்து இருந்தது. அடுத்து என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். வெளியே ரோட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நீலம். டேப்பை மெதுவாக உரித்தேன். டேப் இருந்த இடத்தில் மட்டும், ஒரு விரல் அகலத்துக்கு, அந்தப் பாசிப் பச்சை அப்படியே இருந்தது. இரண்டு பக்கமும் நீலம், நடுவில் பச்சைக் கோடு.

மூடியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். லொறிக்காரர் ஒருவர் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று இன்றைக்கும் தெரியாது.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்துப் பெயிண்ட் லின்சீட் எண்ணெயில் குழைத்தது. வெளிச்சம் படாமல் கிடந்தால் அந்த எண்ணெய் மஞ்சளாகும். நீலத்தில் மஞ்சள் ஏறினால் பச்சை. வெயில் பட்டதும் மஞ்சள் போய் நீலம் திரும்பிவிட்டது. இருட்டறைக் கதவுக்கு வெள்ளை எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்காதீர்கள், மஞ்சளாகிவிடும் என்று எத்தனை வாடிக்கையாளர்களுக்கு நானே புத்தி சொல்லியிருக்கிறேன்! வேறு ஊராக இருந்திருந்தால் மூடியை நாலு நாள் வெயிலில் வைத்துவிட்டுப் பார்த்திருப்பேனோ என்னவோ. குருவிமலையில் ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? டியூப் லைட்டில் பார்த்து, அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மச்சானுக்கு மட்டும் எப்படி நீலம் தெரிந்தது? பிறகு ஒரு கண் டாக்டரிடம் கேட்டேன். மச்சான் மாதிரிக் கண்ணுக்குப் பச்சைதான் சரியாகப் பிடிபடாது, நீலத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். எங்களுக்கெல்லாம் மேலே ஏறியிருந்த பச்சைதான் கண்ணில் பட்டது. அவருக்கு அது தெரியாததால் அடியில் இருந்த நீலம் தெரிந்திருக்கலாம் என்றார்.

ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மூடிக்குப் பச்சையை அடித்துப் பொருத்திவிட்டால் கதை முடிந்தது. அப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. ஒரு பகல் முழுக்க இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"சிரிச்சவங்ககிட்ட சொல்லு"

மறுநாள் மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் யாரோ கொடுத்த ரைஸ் குக்கரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "வா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூடியை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். "நீங்க சொன்னதுதான் சரி மச்சான். மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் மூடியை வாங்கவில்லை. குக்கரின் திருகாணி ஒன்றை முடுக்கிக்கொண்டே பேசினார்.

"எங்கிட்ட எதுக்கு மாப்ள சொல்ற? நான்தான் அன்னைக்கே நீலம்னு சொன்னேனே."

"அதுக்கில்ல மச்சான்..."

"எனக்குத் தெரிஞ்சத எனக்கே வந்து சொல்ற. சிரிச்சவங்ககிட்ட போய்ச் சொல்லு."

அவ்வளவுதான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன். சீனி போடாத தேத்தண்ணி. அக்கா மறந்திருக்கமாட்டாள்.

அடுத்த நாள் விடிந்ததும் குருவிமலைக்குப் போனேன். ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டு, தொழிற்சாலை வாசலில்தான் நடக்கும். கொழுந்தெடுக்கிற பெண்கள், தொழிற்சாலை ஆட்கள், கங்காணிகள் எல்லோரும் நின்றார்கள். தொரையிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "பேசுங்க" என்றார்.

பஸ்ஸில் என் கையெழுத்தை ஊரெல்லாம் பார்க்கிறது. ஆனால் கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை.

"ஐப்பசி மாசம் உள்ள எஞ்சின் பக்கத்துல வச்சு நான் ராமையா மச்சானக் கேலி பண்ணேன். கலர் தெரியாத ஆளுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க. அவரு நீலம்னாரு. நான் பச்சைன்னேன். அவரு சொன்னதுதான் சரி. நான் சொன்னது பிழை" என்று சொல்லி மூடியைத் தூக்கிக் காட்டினேன்.

கை மாறி மாறி மூடி போனது. பச்சைக் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

"அப்ப உள்ள பச்சையடிச்சு வச்சிருக்கிறது யாரு?" என்று ஒரு அம்மா பின்னாலிருந்து கேட்டார்.

"நான்தாங்க."

இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். கேலி பண்ணுவது எவ்வளவு சுலபம், அதற்கு முன்னால் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் எனக்கு ஐந்தே நிமிடம்.

மூன்று மொழியில்

மறுபடியும் நீலம் அடிக்கத் தொரை சம்மதித்தார். மச்சானின் வேலை விஷயம் கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார்.

"எஞ்சின் கலர் வேற, சுவிட்ச் போர்டு வேற. நீலம் சரியாச் சொன்னதுக்காகச் செவப்பு லைட் அவருக்குத் தெரிஞ்சிடாது."

நியாயம்தான். வெளியே வந்தேன். பாதி வழி இறங்கி, திரும்ப ஏறிப் போனேன். அதுவரை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன்.

"தொரை, லைட்டுக்குப் பக்கத்துல எழுத்துல எழுதிட்டா?"

"என்ன எழுதுறது?"

"இது ஓடுது, இது நிக்குதுன்னு. கலர் தெரியாட்டியும் எது எரியுதுன்னு தெரியுமே. எழுத்துப் படிக்க எல்லாருக்கும் தெரியும்."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. தெரிந்த எஞ்சினியர் ஒருவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். பத்து நாள் கழித்து ஆள் அனுப்பினார். எழுதலாம், வயர்களுக்கும் எண் போட்ட பட்டி மாட்ட வேண்டும், முதலில் மூன்று மாதம் ராமையாவை வேலையில் வைத்துப் பார்ப்போம் என்றார்.

நீலம் கலக்கும்போது மச்சானை ஹட்டனுக்குக் கூப்பிட்டேன். அக்கா சொல்லித்தான் வந்திருப்பார் போல. மூன்று கப்பில் மூன்று விதமாகக் கலந்து வைத்திருந்தேன். மூடியைப் பக்கத்தில் வைத்து, வெயிலில் நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ரெண்டாவது. ஆனா ஒரு சொட்டுக் கறுப்பு கூட வேணும்" என்றார். ஒரு சொட்டு விட்டேன். சரியாக இருந்தது. கம்ப்யூட்டரும் வேண்டாம், நானும் வேண்டாம்.

பங்குனியில், எஞ்சினுக்கு அந்த நீலத்தை அடித்து முடித்த கையோடு, சுவிட்ச் போர்டில் எழுதினேன். பஸ் போர்டு மாதிரி மூன்று மொழி. சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு லைட்டுக்குப் பக்கத்திலும் சின்ன பிரஷ்ஷால் எழுதுவதற்கு இரண்டு நாள் ஆனது. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சின்ன எழுத்துகள் அவைதான். அத்தனை கவனமாக எந்த பஸ்ஸுக்கும் எழுதியதில்லை.

மூன்றாம் நாள் காலை மச்சான் வேலைக்கு வந்தார். தொரை வந்தார். டீமேக்கர் வந்தார். சலிக்கிற பெண்களும் வந்துவிட்டார்கள். மச்சான் போர்டுக்கு முன்னால் நின்று, ஒரு ரோலரைப் போட்டார். ஒரு லைட் எரிந்தது. பக்கத்தில் இருந்ததை விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார்.

"ஓடுது."

நிறுத்தினார். மற்ற லைட் எரிந்தது. "நிக்குது" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அந்த மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்.

"மாப்ள, இந்த ஓடுதுங்கிற லைட்டு என்ன கலர்?"

அந்த மாதிரி ஒரு கேள்வியை வீட்டுக்கு வெளியே அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"பச்சை மச்சான்."

"அப்படியா? முப்பது வருசமா அதத்தான்டா நான் செவப்புன்னு நெனச்சு ஓட்டிக்கிட்டு இருந்தேன்!"

சொல்லிவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். தொரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பிரஷ்ஷைக் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டு குழாயடிக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பிரஷ்ஷை மறுபடியும் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.